மாம்பழ வைனும் நாசிக் கணக்கும்

மாங்காய் விலை விழுகிற ஒவ்வொரு சீசனிலும் கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "நாசிக்காரன் திராட்சையில வைன் போட்டு பங்குச் சந்தைக்கே போயிட்டான், நாம மாம்பழத்துல போடக் கூடாதா?" சூலா வைன்யார்ட்ஸைத்தான் சொல்கிறார்கள்.

போடலாம். ஆனால் சூலாவைத் தூக்கி நிறுத்தியது வெறும் திராட்சை இல்லை. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து கலால் சலுகை கொடுத்தது. பிறகு, உள்ளூர் வைனுக்கான 20% வாட் வரியில் (நூறு ரூபாய்க்கு 20 ரூபாய்) 16 ரூபாயைக் கம்பெனிக்கே திருப்பித் தரும் திட்டமும் வந்தது. லாபத்தில் கணிசமான பங்கு அங்கேதான் நிற்கிறது. இன்னொன்று, தோட்டத்துக்கே ஆளை வரவழைத்து, தங்க வைத்து, ருசி பார்க்க வைத்து, இடையில் யாருக்கும் கமிஷன் கொடுக்காமல் நேரடியாக விற்பது. நம் ஊரில் 2003லிருந்து சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக். சந்தூர் மாந்தோப்பில் மேசை போட்டு யார் ஊற்றித் தர முடியும்?

சூலா பங்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் 357 ரூபாய்க்கு வந்த அந்த வெளியீடு முழுக்க பழைய முதலீட்டாளர்கள் விற்ற பங்கு. கம்பெனிக்குள் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. 2024 தொடக்கத்தில் 700ஐ நெருங்கியது, 2025இல் வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நான் தொடவில்லை.

எனக்கு அங்கே பொறாமையாக இருப்பது வேறு விஷயம். சூலா விவசாயிகளோடு 12 வருடம் வரைக்கும்கூட ஒப்பந்தம் போடுகிறது. நம் பெங்களூரா ரக மாங்காய்க்கு? மாம்பழக் கூழ் கம்பெனி வாசலில் அன்று காலை சொல்வதுதான் விலை. பறித்த காய் பேரம் முடியும்வரை காத்திருக்குமா? லாரி வரிசையிலேயே பழுத்துப்போகும். பேரம் பேச வாயே இருக்காது. 2025இல் ஆந்திராவில் இதே ரகத்துக்குக் கம்பெனி 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயித்தார்கள். அதற்கு வைன் ஆலை எதுவும் தேவைப்படவில்லை. எல்லை தாண்டினால் குப்பம், அவ்வளவு பக்கம்.

அதனால் மாம்பழ வைனுக்கு மனு எழுதுகிற நண்பர்களே, அதை அப்புறம் பார்ப்போம். பூ எடுக்கும் முன்பே விலையை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி கூழ் கம்பெனிகளிடம் முதலில் கேட்போம். கலெக்டரையும் கூட உட்கார வைத்து.