எதிர்ப்பு வேறு, அறிவை மறைப்பது வேறு

'அப்ஸ்க்யூரன்டிசம் என்றால் எதிர்ப்பு. புதிய கருத்தை எதிர்ப்பவர்கள் எல்லோரும் அப்ஸ்க்யூரன்டிஸ்டுகள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. அது தவறு.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மெரியம்-வெப்ஸ்டர் என்ற ஆங்கில அகராதி அந்தச் சொல்லுக்கு (obscurantism), அறிவு பரவுவதை எதிர்ப்பது, பொதுமக்களுக்கு அறிவு எட்டாமல் வைப்பது என்ற பொருளைத் தருகிறது. வேண்டுமென்றே புரியாதபடி எழுதுவதையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு. செய்தியை எழுதியவர் 'எதிர்ப்பது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எதை எதிர்ப்பது என்பதை விட்டுவிட்டார். விஷயமே அதில்தான் இருக்கிறது. லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் 'இருட்டாக்குதல்' என்றுதான் பொருள்.

எதிர்ப்பு என்பது பொதுச்சொல். ஒரு சட்டத்தையோ ஆய்வு முடிவையோ காரணம் சொல்லி, வெளிப்படையாக மறுப்பதும் எதிர்ப்புதான். அதில் எதுவும் மறைக்கப்படுவதில்லை.

வரலாற்றையே பாருங்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் யூத நூல்களைப் பறித்து அழிக்க வேண்டும் என்று யோகான்னஸ் ஃபெஃபர்கோர்ன் என்பவர் முனைந்தார். 1510இல் யோகான்னஸ் ராய்க்லின் என்ற அறிஞர் அதற்கு எதிராகக் கருத்து எழுதினார். சரி, இந்தச் செய்தியின் கணக்குப்படி எதிர்த்த ராய்க்லின்தானே அறிவை மறைத்தவர் ஆவார்? அது அந்த மனிதருக்குச் செய்கிற பெரிய அநியாயம். நூல்களைக் காப்பாற்ற நின்றவர் அவர்.

எனக்கு இதில் உண்மையான கவலை ஒன்று உண்டு. நியாயமாகக் கேள்வி கேட்பவரை வாயடைக்க இந்த முத்திரை எளிதாகப் பயன்பட்டுவிடும். ஆகவே அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடம் அகராதியில் அந்தச் சொல்லை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.