கலைத்துவிட்டு வந்தவளுக்கு யார் சோறு பொங்குவது?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை பெற்று வந்தவளுக்கு நடக்கிற உபசாரத்தைச் சொல்லி மாளாது. உளுந்தங்களி, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம், வெந்நீர் ஊற்றிவிட ஒரு பெரியம்மை. பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும். கரு தானாகக் கலைந்தால்கூட நாலு பேர் வந்து "விடுத்தா, அடுத்தது தங்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். தானே முடிவெடுத்துக் கலைத்துவிட்டு வந்தவள்தான் மறுநாள் காலையில் எழுந்து வாசல் தெளிக்கிறாள். வீட்டில்தான் ஒன்றுமே நடக்கவில்லையே!

இதை எழுதினால் திட்டு விழும். விழட்டும். யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பது அவளுடைய உரிமை. ஆனால் நம் குடும்பங்கள் "யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தாங்களும் நைசாக ஒதுங்கிக்கொள்கின்றன. அவளுக்குத் துணையும் இல்லாமல் போகிறது, சரியான தகவலும் இல்லாமல் போகிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

தகவலுக்கு அவள் எங்கே போவாள்? மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற தட்டோடு நாலைந்து பெண்கள் ஒரு திண்ணையில் கூடினால் ஊர் விஷயம் அத்தனையும் வந்துவிடும், யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது உட்பட. அங்கே கிடைக்கிற வைத்தியம்: எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்னு, பப்பாளிக்காய் தின்னு, அன்னாசி தின்னு. இதை நம்பி எத்தனையோ பேர் நாளைக் கடத்துகிறார்கள். இந்த விஷயத்தில் நாள்தான் எல்லாம். மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் என்று நாம் நினைக்கும்போது அவர்கள் கணக்கில் ஐந்து வாரம் ஆகியிருக்கும். நம் நாட்டில் மாத்திரையால் கலைக்க ஒன்பது வாரம் வரைதான் அனுமதி.

எள்ளும் பப்பாளியும் கைவிட்ட பிறகு மெடிக்கல். வீட்டுக்காரர் போய் யாரும் பார்க்காத நேரத்தில் காகிதத்தில் சுற்றி ஒரு அட்டை வாங்கி வருவார். அதில் முதலில் போடுவது ஒன்று, ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடுவது வேறு என்று கடைக்காரரும் சொல்லமாட்டார், இவரும் கேட்கமாட்டார். மருத்துவரின் சீட்டோடு முறையாக எடுத்தால் அது பாதுகாப்பான மருந்துதான். ஆனால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்பது.

"மருத்துவரிடம் போனால் போலீஸ் கேஸ் ஆகிடும்லா?" என்று படித்த பெண்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஸ்கேன் சென்டர் சுவரில் இருக்கிற பலகையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம் என்கிற அந்தப் பலகை 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியது. கருக்கலைப்புக்கு 1971லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட நிலையில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை. கருவில் பெரிய குறைபாடு என்றால் அதற்கு மேலும் மருத்துவக் குழு முடிவெடுக்கலாம். கல்யாணம் ஆகாதவர்களை இதில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவள் பெயரை வெளியே சொல்கிற மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைகூட உண்டு.

இன்னொன்றைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தியோடு துணைக்குப் போயிருந்தேன். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஊரும் உறவும் சொல்லமாட்டேன்.) கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போகிறது ஒன்று, அதற்குள் மூன்றாவது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைத் தள்ளிவிட்டு, "வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து இல்லாம முடியாதே" என்றார். இவள் முகம் செத்துப்போய்விட்டது. "சட்டத்துல அப்படி இல்லம்மா, டாக்டரையே கேளுங்க" என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தவர் ஒன்றும் பேசாமல் பேனாவை நீட்டினார். கூட ஆள் இல்லாமல் இருந்தால் அவள் அப்படியே திரும்பி பஸ் ஏறியிருப்பாள்.

இதே சட்டம் மறுபக்கமும் வெட்டும். மாமியாரும் புருஷனும் கலைக்கச் சொல்லி இழுத்து வந்தால், அவள் மாட்டேன் என்றால் யாரும் கலைக்க முடியாது. துணைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது "ஏளா, உனக்கு என்ன வேணும்?" என்பதைத்தான். நம் விருப்பத்தை மூட்டை கட்டிவிட்டுப் போவதானால் போகலாம்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் ஊரில் யாருமே பேசாதது. நான் துணைக்குப் போன அந்தப் பெண் ரெண்டாம் நாளே பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துவிட்டாள். கம்பெனி கொடுத்த இலைக்கும் தூளுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டுமே. நான் பார்க்கப் போனபோது கை அது பாட்டுக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தது. "நிம்மதியா இருக்குக்கா. அதான் பயமா இருக்கு" என்றாள். நிம்மதி வருவது பாவம் என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டர்ன்அவே என்கிற ஆய்வில் இப்படிப்பட்ட பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கேட்டிருக்கிறார்கள். ஆகப் பெரும்பாலானவர்கள் எடுத்த முடிவு சரிதான் என்றார்கள், அதிகமாகச் சொன்ன உணர்வும் நிம்மதிதான். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தவர்களுக்குத்தான் மன வேதனை கூடுதல். நம்மூரில் ஆய்வே தேவையில்லை, ஊர்வாய்க்கு யார்தான் பயப்படவில்லை?

எல்லாருக்கும் நிம்மதி வரும் என்றும் சொல்லமாட்டேன். ஆசைப்பட்டுச் சுமந்து, ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்து, வேறு வழியில்லாமல் கலைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "இன்னொண்ணு பெத்துக்கலாம்லா" என்று சொல்லாதீர்கள். அவள் இழந்தது அந்தக் குழந்தையை. அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

உடம்பு விஷயத்தையும் துணைக்கு இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் இருக்கத்தான் செய்யும். ஆனால் மணிக்கு இரண்டு பெரிய பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, வலி தாங்க முடியவில்லை என்றாலோ, மாத்திரை போட்டும் ரத்தமே வரவில்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதவிடாய் வருவதற்கு முன்னாலேயே மறுபடி கரு தங்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கருத்தடைக்குக் காப்பர்-டியோ வேறு எதுவோ, ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கோயிலோ சபையோ பள்ளிவாசலோ, மனசு ஒப்பாதவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அது அவரவர் நம்பிக்கை, அதோடு எனக்குச் சண்டையில்லை. முடிவு எதுவானாலும் அவளுக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போடுவதற்கு எந்தச் சாமியும் குறுக்கே நிற்கப்போவதில்லை.

உடல்நலச் சந்தேகத்துக்கு 104, வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. தெரிந்தவர் யாருக்காவது வேண்டியிருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் கேட்கமாட்டேன். ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லை என்றாலும் சொல்லுங்கள், வருகிறேன். முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.