பைகஸ்பிட் என்ற ஒரு வார்த்தைக்கே சிவப்பு அட்டையா?

ஃபுட்பால் அணியில் ஆடற ஒரு பொண்ணை, இதய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி ஆட்டத்திலிருந்து நிறுத்தின விஷயம் இன்னும் ஆறலை. எல்லாரும் பார்த்தாச்சு, முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போறதில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ‘பைகஸ்பிட் அயோர்ட்டிக் வால்வு’ன்னு, அதாவது பெருந்தமனி வால்வுக்கு ரெண்டே இதழ்னு ஒரு வரி. உடனே ஃபுட்பால் ஷூவைக் கழற்றச் சொல்லி, தண்ணி கேனைக் கையில் கொடுத்து ஓரமா உட்கார வெச்சுட்டாங்க. ‘பாதுகாப்பு’க்காகவாம். இவ்வளவு அக்கறை உள்ளவங்க அதே ரிப்போர்ட்டை பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஏன் போட்டாங்க?

போட்டது போட்டீங்க, படிச்சுட்டாவது போட்டிருக்கலாமே. அந்த வரிக்குக் கீழே எண்கள் இருக்கு. விளையாடலாமா வேண்டாமாங்கறதை முடிவு பண்றது நோயோட பேர் இல்லை, அந்த எண்கள்தான். அவளோட எண்களை நான் இங்கே எழுத மாட்டேன். எப்படிப் படிக்கணும்னு மட்டும் சொல்றேன்.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போற வாசல்தான் பெருந்தமனி வால்வு. அதுக்கு மூணு இதழ் இருக்கணும். நூறு பேரில் ஒருத்தர், ரெண்டு பேர் ரெண்டு இதழோட பிறக்கறாங்க. பிறவி இதயக் குறைகளிலேயே ரொம்ப சகஜமானது இதுதான். (கமெண்டில் ‘ஹார்ட்ல ஓட்டை’ன்னு எழுதின மகானுபாவரே, அது வேற.) இதில் கெடக்கூடியது மூணு. வால்வு சுருங்கலாம், கசியலாம், அதுக்கு மேலே இருக்கற பெருந்தமனி வீங்கலாம்.

சுருக்கத்துக்கு ‘பீக் வெலாசிட்டி’யைப் பாருங்க, வால்வு வழியா ரத்தம் பாயற உச்ச வேகம் அது. நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழேன்னா சுருக்கமே இல்லை. 3-க்குக் கீழே லேசு, 4-க்குக் கீழே நடுத்தரம், 4-ம் அதுக்கு மேலேயும் கடுமை. லேசா இருந்து, டிரெட்மில் டெஸ்ட்டில் மயக்கமோ பிரஷர் இறக்கமோ இல்லைன்னா போட்டியிலேயே ஆடலாம். கடுமைன்னா ஃபுட்பால் கிடையாது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கசிவுன்னா இதயத்தோட இடது கீழறை பெருத்திருக்கான்னு பாருங்க.

தமனிதான் எல்லாரும் கோட்டை விடற இடம். பெரியவங்களுக்கு ஏறு தமனி (வால்வுக்கு மேலே ஏறற பெருந்தமனிப் பகுதி) 40 மில்லிமீட்டர் தாண்டினா யோசிக்கணும், 45 தாண்டினா போட்டி விளையாட்டை நிறுத்தணும். குழந்தைக்கு வெறும் மில்லிமீட்டர் போதாது, உடம்பு அளவுக்கு ஏத்த ‘இசட் ஸ்கோர்’ வேணும்.

இதே மக்கள் வீங்கின தமனியோட ஜிம்முக்குப் போறவரை ‘சும்மா வெயிட்தானே, ஓடலையே’ன்னு விட்டுடுவாங்க. மூச்சை அடக்கி முக்கித் தூக்கறப்போதான் பிரஷர் எகிறும். 1985-ல் ஒரு ஆய்வில், பாடிபில்டர்கள் ரெண்டு காலாலும் எடையைத் தள்ளறப்போ அவங்க தமனிக்குள்ளேயே பிரஷரை அளந்து பார்த்தாங்க. ஒருத்தருக்கு 480/350-ஐத் தாண்டிச்சு. நம்ம ஊரில் ஓட்டத்துக்கு பயம், தண்டால் பஸ்கிக்கு ஆசீர்வாதம்.

‘மைதானத்தில் விழுந்தா யார் பொறுப்பு?’ன்னு கேட்கறாங்க. நியாயமான கேள்விதான். திருப்பி ஒண்ணு கேட்கறேன். அந்த அணியில் மத்த பிள்ளைங்க எத்தனை பேருக்கு எக்கோ எடுத்தீங்க? ஓடறப்போ மயங்கி விழற பிள்ளைக்கு வால்வு பிரச்சினைதான் இருக்கணும்னு இல்லை. இதயத் தசை தடிப்பு இருக்கலாம், மின்னோட்டக் கோளாறு இருக்கலாம். இதயம் எப்படி இருக்குன்னு தெரிஞ்ச ஒரே பிள்ளையைத்தான் வெளியே அனுப்பியிருக்கீங்க. துடிப்பை மீட்கற ஏஇடி கருவி மைதானத்தில் இருக்கான்னு கேட்டா பதில் இல்லை. ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில் ஸ்ப்ரேயும் பஞ்சும் இருக்கு.

‘அர்னால்டுக்கும் இதேதானே, அவரே தூக்கலையா’ன்னு நமக்கு ஆதரவா பேசறவங்களுக்கும் ஒரு கும்பிடு. அவருக்கு 1997, 2018, 2020-ன்னு வால்வு ஆபரேஷன் நடந்தது. உதாரணம் வேணும்னா ஜெஃப் கிரீனைச் சொல்லுங்க. அமெரிக்காவோட என்பிஏ கூடைப்பந்து ஆட்டக்காரர், பெருந்தமனி வேர் (வால்வை ஒட்டின அடிப்பகுதி) வீங்கி 2012 ஜனவரியில் ஆபரேஷன், ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தார். 2023-ல் டென்வர் அணியோட சாம்பியன். அவரை நிறுத்தினதும் அளவு பார்த்துத்தான், திரும்ப விட்டதும் அளவு பார்த்துத்தான்.

‘நீங்க என்ன டாக்டரா’ன்னு கேட்டவருக்கு: இல்லை. அந்தப் பொண்ணை வெளியே அனுப்பினவரும் இல்லை.

எனக்கு உண்மையில் வலிக்கறது வேற. இந்த விஷயத்துக்கு வந்த கமெண்ட்களில் ஒரு அம்மா, ‘பொம்பளைப் பிள்ளை, இதை வெளியே சொல்லியிருக்கவே கூடாது’ன்னு எழுதியிருந்தாங்க. நானூறு லைக். அடுத்த பிள்ளை நெஞ்சு அடைச்சாலும் வாயைத் திறக்காது. ரிப்போர்ட்டை பீரோவில் துணிக்கு அடியில் வெச்சுட்டு வேற அணியில் சேரும். சேர்ந்து, ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்க வேண்டிய எக்கோவை எடுக்காது. பாதுகாப்புன்னு சொல்லி நீங்க கத்துக் கொடுத்தது இதைத்தான். கூடப் பிறந்தவங்களுக்கும் பெத்தவங்களுக்கும் ஒரு எக்கோ பார்க்கச் சொல்ற விஷயம் இது, குடும்பத்தில் ஓடும். அதையும் சேர்த்தே மூடி வைப்பாங்க.

இன்பாக்ஸில் கேட்ட பெற்றோருக்கு: அடுத்த தடவை எக்கோவுக்குப் போனா, ரூமை விட்டு வெளியே வர்றதுக்குள்ளே ‘ஏறு தமனி அளவு எழுதியிருக்கா’ன்னு கேளுங்க. நிறைய ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும். எக்கோவில் சரியா தெரியலைன்னா சிடி அல்லது எம்ஆர்ஐ வேணுமான்னு கேளுங்க. கை பிரஷரோட கால் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்க, தமனி வேற இடத்தில் குறுகியிருந்தா அதில்தான் பிடிபடும். யாராவது சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எழுதினா வால்வு விஷயத்தைச் சொல்லி மாற்று இருக்கான்னு கேளுங்க, தமனி வீக்கம் உள்ளவங்களுக்கு அந்த வகை ஆகாது.

ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீங்க. குரூப்பிலும் போடாதீங்க.