பதினாலு வயசுல பாட்டு கிளாஸ் போனா லேட்டுங்களா?

போன ஞாயிற்றுக்கிழமை பெருந்துறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். ஆசாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னாச்சு கண்ணு என்றால் பேச்சே இல்லை. அக்காதான் சொன்னாள். பாட்டு கிளாஸில் சேர்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள், அங்கே ரெண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பதினாலு வயசாச்சா? இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க, அஞ்சு வயசுலயே கூட்டிட்டு வந்திருக்கோணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். யார், எந்த கிளாஸ் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்கள் ஒரம்பரையில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். டிவியில் ஆறு வயசுக் குழந்தை தொண்டையை உருட்டி பிருகா போடுவதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அப்படி ஒரு கணக்கு ஆகிப்போச்சு.

எனக்கு உடனே சமாரா ஜாய் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இருந்து வந்த ஜாஸ் இசையைப் பாடுகிறவள். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அமெரிக்க பையர் மெயிலுக்காக ராத்திரி ஒரு மணி வரை முழித்திருக்கும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், அப்படித்தான் ஒரு நாள் அந்தக் குரல் வந்து மாட்டியது. அதுவரைக்கும் ஜாஸ் என்றால் ஹோட்டல் லிஃப்டில் கேட்கிற சாக்ஸபோன் என்றுதான் நினைத்திருந்தேன், பொய் சொல்லவில்லை.

1999-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த பொண்ணு. ஜாஸை ஒழுங்காக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்ததே காலேஜில் சேர்ந்த பிறகுதான். கூடப் படித்தவர்கள் சாரா வாகன் என்ற பழைய ஜாஸ் பாடகியின் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அதில் விழுந்தவள்தான். சாரா வாகன் 1924-ல் பிறந்தவர், சமாராவுக்குப் பாட்டி வயசுக்கும் மேல். 2019-ல் அதே சாரா வாகன் பெயரில் நடக்கிற போட்டியில் முதல் பரிசு. 2021-ல் படிப்பு முடிகிற சமயத்தில் முதல் ஆல்பம், லண்டனில் இருக்கிற ஒரு சின்ன கம்பெனி மூலமாக. அடுத்த ஆல்பம் வெர்வ் கம்பெனிக்கு. எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெரிய ஜாஸ் பாடகியின் பாட்டை முக்கியமாகப் பதிவு செய்ய 1956-ல் நார்மன் கிரான்ஸ் என்பவர் ஆரம்பித்த ரெக்கார்டு கம்பெனி என்றால் அதன் மதிப்பு உங்களுக்கே தெரியும். 2023 பிப்ரவரியில் ரெண்டு கிராமி, ஒன்று ஜாஸ் குரலிசை ஆல்பத்துக்கு, இன்னொன்று எல்லா வகைப் பாட்டுக்காரர்களுக்கும் பொதுவான சிறந்த புதுக் கலைஞர் விருது. அப்போது வயசு 23.

இதைக் கேட்டுவிட்டு "பார்த்தீங்களா, லேட்டா ஆரம்பிச்சும் ஜெயிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அவள் லேட்டாக ஆரம்பிக்கவே இல்லைங்க. தாத்தாவும் பாட்டியும் பிலடெல்பியாவில் 'தி சேவெட்ஸ்' என்ற காஸ்பல், அதாவது கிறிஸ்தவப் பக்திப் பாட்டுக் குழுவில் பாடியவர்கள். அப்பா பேஸ் கிட்டார் வாசிப்பவர், பாடவும் செய்வார், காஸ்பல் பாடகர் ஆண்ட்ரே கிரௌச்சுடன் ஊர் ஊராகக் கச்சேரி போனவர். வீட்டில் எந்நேரமும் பாட்டு. அப்புறம் சர்ச் காயர். ஜாஸ் என்ற பெயர்தான் லேட்டாக வந்ததே தவிர, காது பிறந்த நாளில் இருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன குறை? எங்கம்மா, அதாவது அக்கா பொண்ணுக்கு அம்மிச்சி, இன்றைக்கும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கும்போது வள்ளி கும்மி பாடாமல் கை ஓடாது. இந்தப் பொண்ணு நாலு வயசில் இருந்து பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடியவள். அம்மா இழுக்கிற இடத்தில் இவள் இழுக்க மாட்டாள், கொஞ்சம் பிந்தி வருவாள், சொல்லை மெட்டுக்கு வெளியே தள்ளி எங்கேயோ கொண்டுபோய், கை தட்டு விழுகிற இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்துகொள்வாள். ஜாஸ்காரர்கள் வருஷக்கணக்காகப் பழகுவது இதைத்தான். ஆனால் கிளாஸில் "முன்ன எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டதற்கு இவள் "எங்கயும் இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறாள். அம்மிச்சிகிட்ட என்று சொல்லத் தோணவில்லை. எப்படித் தோணும், நாமே அதைப் பாட்டு என்று என்றைக்காவது மதித்திருக்கிறோமா? கோயில் நோம்பிக்குக் கும்மி அடித்தால் செல்போனில் வீடியோ எடுப்போம், அவ்வளவுதான்.

சரி, வீட்டுப் பாட்டு மட்டும் போதுமா என்றால் போதாது. சமாரா கலைகளுக்கென்று இருக்கிற ஹைஸ்கூலில் படித்தாள், அங்கே இருந்த ஜாஸ் பேண்டில் பாடினாள். பிறகு பர்ச்சேஸ் என்ற ஊரில் இருக்கிற, நியூயார்க் மாநில அரசு நடத்துகிற கல்லூரியில் ஜாஸ் படிப்பு. முதல் ஆல்பத்தில் கூட வாசித்த கிட்டார்காரர் பாஸ்குவாலே கிராஸோ அங்கே சொல்லிக் கொடுத்தவர்தான். வீட்டில் வந்ததைச் சேர்த்துப் பிடிக்க வெளியே ஒரு இடம் இருந்தது. நமக்கும் இல்லாமல் இல்லை. ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு, குரலிசை, வயலின், நாதஸ்வரம், தவில் எல்லாம் உண்டு, சேர்க்கை வயசு 12-ல் இருந்து 25 வரை. பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால்தான் அங்கே சேர்க்க மாட்டார்கள்! கோயம்புத்தூர் மாலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரியும் இருக்கிறது. எங்கள் அக்காவுக்கு ரெண்டுமே தெரியாது. இஞ்சினியரிங் காலேஜ் கட் ஆஃப் மட்டும் பத்து வருஷத்துக்கு ஒப்பிப்பாள்.

பொண்ணுக்கு ஒரே ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினேன். ஃபேட்ஸ் நவாரோ என்று ஒரு டிரம்பெட் கலைஞர், 1950-ல் 26 வயசிலேயே செத்துப்போனவர். அவர் 1947-ல் ஒரு பதிவில் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி தனியாக வாசித்த சோலோவுக்கு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒட்டுகிற மாதிரி சமாரா சொந்தமாக வார்த்தை எழுதிப் பாடியிருக்கிறாள். முதலில் டிரம்பெட்டைப் போட்டேன், பிறகு அவள் பாடியதை. திரும்ப டிரம்பெட். மூன்று தடவை கேட்டுவிட்டு, "இது நாங்க நோம்பில ஜமாப் மேளம் அடிக்கிறப்ப அடிக்குச் சொல்லுக் கட்டிப் பாடுவமே, அதுதானுங்க மாமா" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் எந்திரிச்சுப் பொடக்காளிக்குப் போய்விட்டாள்.

போகிறபோது எட்டிப் பார்த்தேன். டண்டணக்கு அடிக்கு என்னமோ சொல் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், எல்லாம் அம்மிச்சியைக் கிண்டல் பண்ணி. எங்கம்மா மொறத்தைத் தட்டிக்கொண்டே, "பாட்டெல்லாஞ் செரி சாமி, உரிச்ச கடலைக்காயில பாதி உன்ற வாய்க்கே போகுதே" என்றது.