தூரம் என்றாலே நீலமா?

பழைய ஐரோப்பிய இயற்கைக்காட்சி ஓவியங்களில் ஆழம் தெரிவது, தூரத்தில் உள்ள எல்லாவற்றிலும் நீலம் கலப்பதால்தான் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி. பட்டப்பகலில் இருண்ட மலை நீலமாகத்தான் தெரியும். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடித்து அதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிடுகிறது. ஆனால் தாழ்ந்த சூரியனை நோக்கிப் பார்த்தால் அந்தக் காற்றே பொன்னிறம். அப்போது தூரமும் மஞ்சள் பக்கம் சாயும். இரண்டிலும் பொதுவாக நடப்பது வேறொன்று: தூரம் போகப் போக நிழல்கள் வெளுத்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வித்தியாசம் குறைகிறது.

சந்தேகமிருந்தால் லண்டன் நேஷனல் கேலரியின் இணையதளத்தில், கிளாட் லோரேன் 1648இல் வரைந்த சேபா அரசி கப்பலேறும் துறைமுக ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சூரியனை ஒட்டிய அடிவானம் மஞ்சள்தான், நீலம் அல்ல. அப்புறம் இடது ஓரத் தூண்களின் நிழலையும் தூரத்துக் கப்பலையும் ஏதாவது ஒரு கலர் பிக்கரால் (திரையில் தொட்ட புள்ளியின் நிறத்தைக் காட்டும் கருவி) தொட்டுப் பாருங்கள். தூண் கிட்டத்தட்டக் கறுப்பு. கப்பலில் அந்தக் கறுப்பு கிடைக்காது. தூரத்தை வரையும்போது நீல வண்ண டியூபைத் திறக்கும் முன் நிழலை வெளுக்கப் பழகுவது நல்லது என்பேன்.