விட்டுவிடச் சொல்லாதீர்கள்

கடந்த ஞாயிறு எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து ஓர் இளம் போதகர் வந்திருந்தார். நல்ல குரல், நல்ல தமிழ். ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும் நேரத்தில் ஒரு துண்டுக் கடதாசியைப் பிரித்தவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "இதை எழுதிய அம்மா பழையதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கர்த்தரின் கையில் விட்டுவிடுங்கள். விட்டால்தான் விடுதலை" என்றார். சிலர் ஆமென் சொன்னார்கள்.

எழுதியவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். வயது எழுபதை நெருங்கினாலும் ஊருக்கெல்லாம் அவர் அக்காதான். கொப்பியில் கிழித்த தாள், நாலாக மடித்தது, நீல மை. கணவரின் பெயர், அதற்குக் கீழே 1990, அதற்கும் கீழே "எங்கே?" அவ்வளவுதான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கையோடு அந்தத் துண்டும் போகிறது. எங்கள் பழைய போதகர் அதைப் பிரித்துப் பார்க்காமலே வாசிப்பார்.

போரில் எத்தனையோ பேர் காணாமற்போன ஆண்டு அது; மட்டக்களப்பில் 1990 என்று எழுதினால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அமெரிக்காவில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார் காணாமற்போனதும் அந்த ஆண்டில்தான். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் போனவர் போனவர்தான். பெயர் தெரிந்த ஒரு பாதிரியாருக்கே அந்தக் கதி என்றால், அக்காவின் கணவரைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

தம்பி போதகரே, நானும் விசுவாசிதான். உங்கள் மீது கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியில் எங்கள் வீடு போனது, அம்மாவும் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. பாடசாலை வகுப்பறை ஒன்றில் தங்க வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் ஏதோ ஒரு விளக்கத்தோடு வந்தார்கள். ஒருவர் இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார். இன்னொருவர் அம்மாவைக் கர்த்தர் அதிகம் நேசித்ததால் அழைத்துக்கொண்டார் என்றார். அப்படியானால் என்னை அவர் நேசிக்கவில்லையா என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வளவுப் பெரியம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் சைவம், வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். கடல் மண் தலைமுடியின் அடிவேரில் போய் ஒட்டிக்கொள்ளும்; காய்ந்தால் தோலோடு பிடித்துக்கொள்ளும். எங்கிருந்தோ ஒரு பேன்சீப்பு தேடி எடுத்து வந்து, என்னைத் தன் முழங்காலுக்கிடையில் இருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வாரினார். சீப்பைத் தரையில் தட்டுவார், மண் உதிரும், மறுபடி வாருவார். மூன்று நாள். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் அதே அலை கொண்டுபோயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு எழும்பிப் போயிருந்தால் உலகத்திலேயே நல்ல நண்பர்கள் அவர்கள்தான். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், அத்தனையும் கெட்டது. கர்த்தர் யோபுவையும் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடித்தார், உண்மைதான். ஆனால் கடைசியில் அவருடைய கோபம் மூண்டது விளக்கம் சொன்னவர்கள் மீது. புலம்பியவனைத்தான் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினவன் என்றார். இந்தப் பகுதியை வைத்து ஏன் யாரும் பிரசங்கம் செய்வதில்லை?

"தாங்குதிறன்" என்று இப்போது ஒரு சொல் புழங்குகிறது. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் நடத்திய பயிற்சிப் பட்டறைகளில்தான் அதை முதலில் கேட்டேன். கோப்புறை ஒன்று, பேனை ஒன்று, மதியம் சோற்றுப் பார்சல். கிழக்கு மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று பாராட்டினார்கள். தாங்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றி வைக்கலாம் என்பதுதான் அந்தப் பாராட்டுக்குப் பொருளோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சபைகளில் "பொறுமை" என்ற சொல்லையும் சிலர் அப்படித்தான் கையாளுகிறார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்றவர்கள். அந்தப் பெற்றோரிடம் போய் விட்டுவிடுங்கள் என்று சொல்வீர்களா? முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடாமல் மனுப்போட்டவர்கள் இருந்ததால் வந்த தீர்ப்பு அது. உண்மை முழுவதும் வந்துவிட்டதா என்று கேட்டால், அது வேறு கதை.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத நியாயாதிபதி ஒருவனிடம் மீண்டும் மீண்டும் போய் நியாயம் கேட்கிறாள். அவளுடைய தொல்லை தாங்காமல்தான் அவன் இறங்கி வருகிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு காட்டிய ஆள் அவள்தான். மட்டக்களப்பு காந்தி பூங்காவில் காணாமற்போன மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான். அக்காவின் துண்டுக் கடதாசியும் அந்த வாசலில் தட்டுகிற தட்டுத்தான். வெறுங்கையோடு திரும்பிய பிறகும் அடுத்த ஞாயிறு அதே வாசலுக்கு வருகிறாரே, இதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவரைத் தேற்ற வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "பாவம், மகள், அந்தப் போதகர் சின்னப் பொடியன். இன்னும் ஒன்றையும் தொலைக்கவில்லைப் போல" என்றார். பிறகு, கொப்பி முடிந்துவிட்டது, கடைக்குப் போனால் ஒன்று வாங்கி வா என்றார்.

நாற்பது பக்கம் போதுமா என்று கேட்டேன். எண்பது பக்கமாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.