முதல்ல கார்ட் என்னெண்டு கேளுங்கோ

லினக்ஸில விண்டோஸ் கேம் ஓடேல்லை எண்டா ஆரிட்டக் கேட்டாலும் ஒரே பதில்: "புதுக் கஸ்டம் புரோட்டனை இறக்கிப் போடு மச்சான்." புரோட்டன் எண்டா ஸ்டீம் எண்ட கேம் கடை தாற, விண்டோஸ் கேமை லினக்ஸில ஓட வைக்கிற கருவி; கஸ்டம் எண்டா அதை வெளியாக்கள் மாத்திச் செய்தது. முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம் இருந்துகொண்டு நானூறு எம்பிக்கு மேல இறக்கிறதெண்டா டேட்டாவும் போகும், நித்திரையும் போகும்.

அதை ஸ்டீமின்ர compatibilitytools.d ஃபோல்டருக்குள்ள விரிச்சு, ஸ்டீமை மூடித் திறந்து, கேமைத் தட்டினா ஒரு செக்கனுக்கு "ரன்னிங்" எண்டு காட்டும். பிறகு திரும்பவும் "பிளே". ஒரு எரர் கூட இல்லை! ஏனெண்டு ஒரு வரி சொன்னா என்ன?

ஸ்டீமில கேமின்ர லோஞ்ச் ஒப்ஷனில PROTON_LOG=1 %command% எண்டு போட்டு, ஹோம் ஃபோல்டரில விழுற லாக் ஃபைலைக் கிண்டினாத்தான் விஷயம் விளங்கும். புரோட்டனுக்குள்ள டிஎக்ஸ்விகே எண்டொரு பகுதி இருக்கு; கேமின்ர டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் கட்டளையளை, லினக்ஸில ஓடுற வல்கன் எண்ட கிராபிக்ஸ் முறைக்கு மாத்திறது அதுதான். 2022இல வந்த டிஎக்ஸ்விகே 2.0இல இருந்து வல்கன் 1.3 கட்டாயம். இஞ்ச பொடியள் செகண்ட்ஹாண்டில வாங்கிற என்விடியா ஜிடி 710 மாதிரிப் பழைய கெப்ளர் வகைக் கிராபிக்ஸ் கார்டுகள் என்விடியாவின்ர 470 பதிப்பு டிரைவரோட நிண்டுட்டுது. அதில வல்கன் 1.2 மட்டும்தான். எவ்வளவு புதுப் புரோட்டனைப் போட்டாலும் டிஎக்ஸ்விகே எழும்பாது. பழைய புரோட்டன் 7ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுறதுதான் நியாயம், அதில டிஎக்ஸ்விகே 1.10 இருக்கு.

புத்தி சொல்லுறவை தயவுசெய்து முதல்ல கார்ட் என்னெண்டு கேளுங்கோ. ஒரு பொடியன்ர மாசத்து டேட்டா மிஞ்சும்.